ஒன்றாம் படுக்கையின் துடிப்பு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆயுத பூஜைக்காக, செஞ்சியில் அக்காவுக்குப் பிரசவம் பார்க்கவிருந்த நர்சிங் ஹோமில் எல்லா மெஷின்களையும் துடைத்தார்கள். அன்று பிரசவ அறையில் யாரும் இல்லை. அதனால் அங்கிருந்த வயர்களையும் கழற்றித் துடைத்தார்கள்.

2. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எல்லாவற்றையும் திரும்பச் செருகினார்கள்.

3. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அடையாளம் கண்டுகொண்டது. எந்தப் பிழையும் காட்டவில்லை.

4. மறுநாள் காலை அக்காவுக்கு வலி எடுத்தது. அவளை ஒன்றாம் படுக்கையில் படுக்க வைத்தார்கள். இரண்டாம் படுக்கையில் பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள்.

5. நண்பகலுக்குக் கொஞ்சம் முன்பு, திரையில் ஒன்றாம் படுக்கைக் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்க ஆரம்பித்தது.

6. அக்காவுக்கு உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். அக்காவின் கணவர் கையெழுத்துப் போட்டார்.

7. ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்காக அக்காவின் வயிற்றிலிருந்து பெல்ட்டைக் கழற்றினார்கள்.

8. பெல்ட் கழன்ற பிறகும் ஒன்றாம் படுக்கைக் குழந்தையின் இதயம் திரையில் துடித்துக்கொண்டிருந்தது.

எட்டாவதைப் பார்த்தது நான் ஒருத்திதான். மற்ற எல்லாரும் ஸ்ட்ரெச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலையில் எனக்கு இது பழக்கம். ஏதாவது கெட்டுப்போனால், என்ன நடந்தது என்று முதலில் எண் போட்டு எழுதுவேன். எழுதி முடிப்பதற்குள் பயம் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த எட்டு வரிகளைப் பல முறை எழுதிவிட்டேன். எட்டாவதற்கு வந்தும் அது இன்னமும் அடங்குவதில்லை.

அக்காவுக்கு இது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் அசைவு நின்று வயிற்றிலேயே போய்விட்டது. அதனால் இந்த முறை வீட்டில் யாரும் எதையும் வாங்கவில்லை. தொட்டில் துணி கூட இல்லை. "பொறந்து அழுவட்டும், அப்பால வாங்கிக்கலாம்" என்றாள் அம்மா. அன்று காலை ஆட்டோவில் போகும்போது, பூஜைக்குக் கடை வாசல்களில் உடைத்த பூசணிக்காய்கள் ரோடெல்லாம் சிவப்பாகக் கிடந்தன. நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகிறவர்கள். இருந்தும் அம்மா ஆட்டோக்காரரிடம், "அது மேல ஏத்தாம ஓரமா போப்பா" என்று மூன்று நான்கு முறை சொன்னாள். கையில் ஜெபமாலை. அக்கா வலியை அடக்கிக்கொண்டு, "மா, அவரு ரோட்டப் பாத்து ஓட்டட்டும், பூசணிக்காயப் பாத்து ஓட்டவேணாம்" என்றாள்.

நான் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கடைகளில் சாமான் மேலிருக்கும் பார்கோடுகளைப் படிக்கிற கருவிகளைச் செய்கிறோம். அந்தக் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகியதும், அது கருவியைக் கண்டுபிடித்துப் பேச வைப்பதற்கான மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதும் குழுவில் நான் இருக்கிறேன். பிரசவத்துக்காக விடுப்பில் வந்திருந்தேன்.

பிரசவ அறைக்குள் ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் இருக்கலாம். அம்மா உள்ளே போனாள். நானும் மாமாவும், அதாவது அக்காவின் கணவரும், வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம். எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நர்ஸின் மேசை. அதன் மேல் கம்ப்யூட்டர். மேசைக்கு எதிரே கண்ணாடிச் சன்னல். அதன் வழியாக இரண்டு படுக்கைகளும் தெரியும்.

ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு பெல்ட். பெல்ட்டில் ஒரு வட்ட வில்லை. வில்லையை வயிற்றில் வைத்துக் கட்டினால், உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பை அது எடுக்கும். பெட்டிகளில் திரை கிடையாது. இரண்டிலிருந்தும் நீளமான வயர்கள் சுவரோரமாக வந்து நர்ஸின் கம்ப்யூட்டரில் சேர்ந்தன. திரையின் மேல் பாதியில் 'படுக்கை 1', கீழ் பாதியில் 'படுக்கை 2'. இரண்டு கோடுகள், இரண்டு எண்கள். அப்போது இரண்டுமே நூற்று நாற்பதை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தன.

நான் திரையையே பார்ப்பதைக் கண்டு நர்ஸ் பேச்சுக் கொடுத்தார்.

"நேத்து எல்லாத்தையும் புடுங்கித் தொடச்சமா, திரும்பப் போடும்போது ஒரே டென்ஷன். எந்த ஓட்டையில எது இருந்துச்சின்னு தெரியல. பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, போட்டதும் டொய்ங்குன்னுச்சு, தானா புடிச்சிக்கிச்சு. இத மாட்ட வந்தவரு அப்பவே சொன்னாரு, எந்த ஓட்டையில போட்டா இன்னா, அதுவே கண்டுபுடிச்சிக்கும்னு."

நான் தலையாட்டினேன். எங்கள் கருவிப் பெட்டிகளின் மேலும் அந்த வாக்கியத்தைத்தான் அச்சடிக்கிறோம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் பயத்தை அடக்க வேறு வழி தெரியாமல், செருகியதும் உள்ளே என்ன நடக்கும் என்று மாமாவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு கருவியைச் செருகினால், அந்த ஓட்டையில் ஏதோ வந்திருக்கிறது என்பது மட்டும்தான் கம்ப்யூட்டருக்கு முதலில் தெரியும். மின்னழுத்தத்தில் வரும் சின்ன மாற்றம் அதைச் சொல்லிவிடும். அடுத்தது விசாரணை. நீ எந்த மாதிரிக் கருவி? உன்னைச் செய்தவரின் எண் என்ன? உன் மாடல் எண் என்ன? உனக்கென்று தனியாக வரிசை எண் உண்டா? கருவி சொல்வதை அது அப்படியே நம்பும். சரிபார்க்க அதற்கு வேறு வழி கிடையாது. அந்த எண்களுக்குப் பொருந்துகிற டிரைவரைத் தன்னிடம் இருப்பவற்றில் தேடி எடுக்கும். டிரைவர் அந்தக் கருவிக்கு வேகம், சக்தி எல்லாம் ஒதுக்கி, ஒரு வாசல் எண் கொடுக்கும். அதற்குப் பிறகு மற்ற மென்பொருள்களுக்குக் கருவி தெரியாது. வாசல் எண்தான் தெரியும். மூன்றாம் வாசலில் வருவது ஒன்றாம் படுக்கை, நான்காம் வாசலில் வருவது இரண்டாம் படுக்கை என்று யாரோ ஒருமுறை சொல்லி வைத்திருப்பார்கள். அதன் பிறகு அது கேட்காது.

மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரேஷன் கடை மாதிரி சொல்லு. கார்டுதான் கணக்கு, ஆளு இல்ல" என்றார்.

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் இங்க உயிர் போற மாதிரி கெடக்கறன், அங்க இன்னாடி கம்ப்யூட்டர் கிளாஸா எடுத்துனு இருக்கற?"

"உயிர் கியிர்னு பேசாத" என்று அம்மா அதட்டினாள்.

இரண்டாம் படுக்கைப் பெண்ணின் மாமியார் சிரித்தார். அவர் மடியில் மேல்மலையனூர் அம்மன் கோயில் குங்குமம் ஒரு பொட்டலம். "உட்டுடுக்கா, கத்தட்டும். கத்தினாதான் சீக்கிரம் வரும். உங்க சாமியும் எங்க சாமியும் சேந்து பாத்துக்கட்டும்" என்றார். அவர் மருமகள் மட்டும் ஒரு சத்தமும் போடவில்லை. படுக்கைக் கம்பியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடையில் ஒரு முறை, அக்கா ஒருக்களித்துப் படுத்தபோது, திரையில் இரண்டாவது கோடு உடைந்து உடைந்து வந்தது. நர்ஸ் உள்ளே போய் அனந்தபுரத்துப் பெண்ணின் பெல்ட்டை இறுக்கிக் கட்டினார். அதற்குள் அக்கா மறுபடி மல்லாந்துவிட்டாள். கோடு நேரானது. பெல்ட்டை இறுக்கியதால் சரியாகிவிட்டது என்று நர்ஸும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

பிறகு மேல் கோடு இறங்கியது.

முதலில் நூற்றிருபது. பிறகு நூறு. வலி வந்து போனதும் ஏறும் என்றார் நர்ஸ். ஏறியது. அடுத்த வலிக்கு எண்பத்தைந்துக்குப் போய், ஏற நேரமெடுத்தது. நர்ஸ் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போனார். அக்காவை இடப் பக்கமாகத் திருப்பினார். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார். சன்னல் வழியாக அக்காவின் கண்கள் மட்டும் தெரிந்தன, மாஸ்க்குக்கு மேலே. அவை என்னைத் தேடின. நான் சிரிக்க முயன்றேன்.  அக்காவை எப்படித் திருப்பினாலும் மேல் கோடு அதன்பாட்டுக்கு இறங்கியது.

எனக்குக் காதில் இரைச்சல் கேட்டது. முன்பு ஒரு நாள் ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றபோது கேட்ட அதே இரைச்சல். அன்று உள்ளிருந்து யாரும் பேசவில்லை என்பதை வைத்துத்தான் குழந்தை இல்லை என்று தெரிந்துகொண்டோம்.

டாக்டரம்மா காலையிலிருந்தே வராந்தாக் கடைசியில் இருந்த ஆபரேஷன் தியேட்டரில்தான் இருந்தார். ஒரு ஆபரேஷனை அப்போதுதான் முடித்திருந்தார். வேகமாக வந்தார். நின்றபடியே திரையைப் பார்த்தார். உள்ளே போய் அக்காவைப் பரிசோதித்தார். வெளியே வந்து மாமாவிடம், "கொழந்தைக்கு மூச்சு முட்டுது. இன்னும் வழி திறக்கல. காத்திருக்க முடியாது. மயக்க டாக்டர் இங்கயேதான் இருக்கார், உடனே எடுத்துடலாம்" என்றார். முந்தைய குழந்தையின் கதை அவருக்குத் தெரியும். அதனால்தான் ஒரு நிமிஷம் கூட வீணாக்கவில்லை என்று நினைக்கிறேன். மாமா கையெழுத்துப் போட்டார். 

ஸ்ட்ரெச்சர் வந்தது. நர்ஸ் அக்காவின் பெல்ட்டை அவிழ்த்துப் படுக்கையில் போட்டார். எல்லாரும் உள்ளே இருந்தார்கள். நான் மேசைப் பக்கம் நின்றிருந்தேன். உள்ளே பார்க்கத் தைரியம் இல்லாமல் திரையைப் பார்த்தேன்.

மேல் கோடு நிற்கவில்லை. கீழ்க் கோடு நின்றிருந்தது.

என் புத்தி தன் பழக்கத்துக்கு வரிசை போட்டது. ஒன்று: பழைய எண் உறைந்து நிற்கிறது. இல்லை, எண் மாறிக்கொண்டிருந்தது, எண்பத்து நான்கு, எண்பத்தொன்று, எண்பத்தாறு. இரண்டு: வில்லை வேறு எதையோ எடுக்கிறது. இல்லை, அது படுக்கை விரிப்பின் மேல் மல்லாந்து கிடந்தது, தொட ஆள் இல்லை. மூன்று.

மூன்றாவதை நான் முழுதாக யோசிக்கவில்லை. அதற்குள் என் கண் கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருந்த இரண்டு வயர்களுக்குப் போனது. 

இந்த மாதிரி வயரின் முனையில் இருக்கும் சில்லுதான் கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்லும். மலிவான வயர்களில் வரிசை எண் இருக்காது. ஒரே மாதிரி இரண்டு வயர்கள், ஒரே செய்தவர் எண், ஒரே மாடல் எண். நீ யார் என்று கேட்டால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லும். அப்போது கம்ப்யூட்டர் கருவியை வைத்து அடையாளம் வைக்காது. ஓட்டையை வைத்து வைக்கும். இந்த ஓட்டையில் வந்தால் மூன்றாம் வாசல், அந்த ஓட்டையில் வந்தால் நான்காம் வாசல். வயர்களை மாற்றிச் செருகினால் அதற்கு எதுவும் மாறவில்லை. பிழை காட்ட அதற்குக் காரணமே இல்லை.

ஸ்ட்ரெச்சர் என்னைத் தாண்டிப் போனது. டாக்டர் முன்னால் போய்விட்டார். நான் மாமாவின் கையைப் பிடித்துத் திரை முன்னால் நிறுத்தினேன்.

"மாமா, இங்கயே நில்லுங்க. நான் உள்ள போய்த் தட்டுறேன். மேல குதிக்குதா கீழ குதிக்குதான்னு மட்டும் சொல்லுங்க."

"இன்னா பாப்பா சொல்ற? அவள இட்டுனு போறாங்க..."

"பாருங்க மாமா!"

காலியான ஒன்றாம் படுக்கையில் கிடந்த வில்லையை எடுத்து விரலால் தட்டினேன். ஜெல் பிசுபிசுத்தது. மறுபடி தட்டினேன்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் மாமாவின் முகம். "கீழ. கீழதான் குதிக்குது" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

மேலே எண்பதில் துடித்துக்கொண்டிருந்தது எங்கள் குழந்தை இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்தப் பெண்ணின் குழந்தை. எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு எட்டு தூரம்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

அம்மா வாசலில் நின்றிருந்தாள். மாமா சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தது. நான் வெளியே ஓடப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது மாறிப்போச்சா?"

"ஆமாம்மா. அக்கா கொழந்த நல்லா இருக்குது. எறங்கறது இவங்களுது."

அம்மாவின் பிடி தளரவில்லை. குரலைத் தாழ்த்தி, "உனக்கு நிச்சயமா தெரியுமாடி?" என்றாள்.

தட்டியதில் தெரிந்தது. ஆனால் அவள் கேட்டது அது இல்லை. ஒரு வேளை தவறாக இருந்தால், நான் அக்காவின் ஸ்ட்ரெச்சரைத் தியேட்டர் வாசலில் நிறுத்தி, இன்னொரு குழந்தையையும் சாக விடுகிறேன். இருப்பது ஒரே தியேட்டர், ஒரே மேசை.

"அவ மொதல்ல போவட்டும். நம்ம கொழந்த வெளிய வரட்டும். அப்பால சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா. அவள் கெட்டவள் இல்லை. அவள் பயத்தில் இருந்தாள். எனக்கும் ஒரு மூச்சு நேரம் அது சரியென்றே தோன்றியது.

"நிச்சயமா தெரியும்" என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டேன். அந்தக் குரல் என்னுடையது போல இல்லை.

தியேட்டர் கதவருகே டாக்டரைப் பிடித்தேன். யோசித்து வைத்திருந்ததில் பாதி வாயில் வரவில்லை. "மேடம், வயர் மாறிப்போயிருக்குது. நேத்து தொடச்சப்ப. அக்கா பெல்ட் கழட்டியும் ஒண்ணுல துடிப்பு வருது. எறங்கறது ரெண்டாவது பெட்டுக் கொழந்த."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஏதாவது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நர்ஸிடம் திரும்பி, "கை டாப்ளர எடு. ஓடு" என்றார்.

கைக்கு அடக்கமான, வயிற்றில் வைத்தால் துடிப்பைச் சத்தமாகக் கேட்க வைக்கிற சின்னக் கருவி அது. புறநோயாளி அறையில் இருந்தது. திரை வந்த பிறகு அதை யாரும் பிரசவ அறைக்குக் கொண்டுவருவதில்லை. நர்ஸ் அதை எடுத்து வரும் வரை அக்கா ஸ்ட்ரெச்சரில் படுத்து என்னைப் பார்த்தபடி, "இன்னாடி ஆச்சு? சொல்லுடி. போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அங்கேதான் என் கை எட்டியது.

டாக்டர் கருவியை அக்காவின் வயிற்றில் வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். வில்லையை நகர்த்தினார். இரைச்சல். இன்னும் கொஞ்சம். பிறகு டக்டக்டக்டக் என்று வேகமாக, சீராக. தையல் மெஷின் மாதிரி.

அக்கா அழ ஆரம்பித்தாள். டாக்டர் காத்திருக்கவில்லை. அடுத்த நிமிஷம் அனந்தபுரத்துப் பெண்ணின் வயிற்றில் அதை வைத்தார். டக். டக். டக். நடுவில் இருந்த இடைவெளியைக் கேட்கவே முடியவில்லை.

"இவங்கள ஏத்துங்க."

அக்காவை ஒன்றாம் படுக்கைக்கே திரும்ப இறக்கிவிட்டு ஸ்ட்ரெச்சரை இந்தப் பக்கம் தள்ளினார்கள். அப்போதுதான் அவள் மாமியார் எழுந்தார். ஸ்ட்ரெச்சருக்கும் படுக்கைக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இன்னா நடக்குது இங்க? அவங்களுக்குத்தான கொழந்த சரியில்லன்னு இட்டுனு போனீங்க? அந்தப் பொண்ணு இன்னாவோ இங்கிலீசுல சொன்னதும் அவங்களுக்கு வேணாம், எங்களுக்கு அறுக்கணுமா? எங்க புள்ள ஊட்ல இல்லன்னா யாரு வேணா எது வேணா பண்ணுவீங்களா? இவ்ளோ நேரம் நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னீங்களே!"

அவர் சொன்னதில் தவறே இல்லை. காலையிலிருந்து அவருக்குக் காட்டிய கோடு நன்றாகத்தான் இருந்தது. அவருடைய மகன் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். டாக்டர் பேசினார். நர்ஸ் பேசினார். அவர் அசையவில்லை. எனக்குத் தெரிந்த எந்த விளக்கமும், வாசல் எண்ணும் வரிசை எண்ணும், அந்த இடத்தில் உதவாது. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

"அத்தை, உங்க கண்ணால பாருங்க. உங்க மருமவ பெல்ட்ட இப்ப கழட்டச் சொல்லுங்க. எந்தக் கோடு நிக்குதுன்னு நீங்களே பாருங்க."

நர்ஸ் கழற்றினார். அவர் மேசைப் பக்கம் வந்து திரையைப் பார்த்தார். மேல் கோடு, 'படுக்கை 1' என்று எழுதியிருந்தது, நின்றது.

 அப்போதும் கையெழுத்துப் போட அவர் கை வரவில்லை. "அவன் வரட்டும், அவன் வந்து..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

படுக்கையிலிருந்து அந்தப் பெண் கையை நீட்டினாள். காலையிலிருந்து அவள் குரலை அப்போதுதான் கேட்டேன்.

"குடுங்க. நானே போடறேன். என் வயிறுதான."

போட்டாள். ஸ்ட்ரெச்சர் போனது. தியேட்டர் கதவு மூடியது.

அதன் பிறகு வராந்தாவில் இருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு வரிசை கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் மாமியார் தரையில் உட்கார்ந்து குங்குமப் பொட்டலத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். விரல்களெல்லாம் சிவப்பு. என் அம்மா கொஞ்ச நேரம் தூரத்தில் நின்றாள். பிறகு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  வெளியே ரோட்டில் வாழைக்கன்று கட்டிய பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த நேரமும், மாமாவை நிறுத்தித் தட்டிப் பார்த்த நேரமும், அதற்குள் எத்தனை துடிப்பு என்று மனசு கணக்குப் போட முயன்றது. நான் போட விடவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வரவில்லை. நாங்கள் நாலு பேரும் அதைக் கேட்கத்தான் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஆண் குழந்தை. மூச்சுக் கொடுத்து எழுப்ப வேண்டியிருந்தது என்றார் டாக்டர். ஆம்புலன்ஸில் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். அந்த மாமியார் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றியா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் அவருக்கு உரிமை இருந்தது.

அக்காவுக்கு இருட்டுவதற்கு முன்பே சுகப் பிரசவம் ஆனது. பெண். பிறந்ததும் ஊரைக் கூட்டியது.

மறுநாள் டாக்டரே என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரின் கருவிப் பட்டியலைத் திறந்து காட்டினேன். ஒரே பெயரில் இரண்டு வரிகள், பக்கத்துப் பக்கத்தில், வாசல் எண்ணைத் தவிர எந்த வித்தியாசமும் இல்லாமல். அவர் இரண்டு வரிகளையும் விரலால் தொட்டார். "இது என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். யார் சொல்லவில்லை என்று அவர் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அறை மூலையில் நர்ஸ் நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் துடைத்த வயர்கள் அவை. செருகியபோது அது டொய்ங் என்றது, அவர் நம்பினார். நான் அவரிடம், இதை எழுதுகிற நாங்களும் அதைத்தான் நம்பச் சொல்கிறோம் என்றேன். அது ஆறுதலாக இருந்திருக்காது.

இப்போதைய நிலை இது. அந்த நர்சிங் ஹோமில் இரண்டு வயர்களையும் மாற்றிவிட்டார்கள். புதியவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை எண் இருக்கிறது. எந்த ஓட்டையில் செருகினாலும் அதன் படுக்கையிலேயே வரும். இருந்தாலும், பெல்ட் கட்டும் முன் வில்லையைத் தட்டிப் பார்த்து எந்தக் கோடு குதிக்கிறது என்று ஒருவர் சொல்ல வேண்டும். அது அங்கே இப்போது கட்டாயம். கை டாப்ளர் பிரசவ அறையிலேயே இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில், பெட்டி மேல் இருக்கும் வாக்கியத்தை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அன்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்ததைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அக்காவின் மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். தவழ்கிறாள். அனந்தபுரத்துக் குழந்தைக்கும் அதே வயது. அவன் அம்மா எனக்கு அவ்வப்போது போனில் வீடியோ அனுப்புகிறாள். திறப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கிறது. அவனுக்குக் கழுத்து நின்றுவிட்டது. சத்தம் கேட்டால் திரும்புகிறான். இன்னும் குப்புறக் கவிழவில்லை. விழுப்புரத்தில் மாதா மாதம் பார்க்கிறார்கள். இப்போதே எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.